பால் பைத்தான் (ball python, வீட்டுல வளக்கற மலைப்பாம்பு) தண்ணிக் கிண்ணத்த விட்டு வெளிய வரமாட்டேங்குது, புது தொட்டி பிடிக்கலையா?

கேள்வி:
ரெண்டு வயசு பால் பைத்தான். இத்தன நாள் ஒரு பிரச்சனையும் இல்ல, போன மாசம் பெரிய கண்ணாடித் தொட்டிக்கு மாத்தினேன், அப்போலேர்ந்து பகல் பூரா தண்ணிக் கிண்ணத்துல சுருண்டு கெடக்கு, ராத்திரியானா அதே ஒரு மூலைல மூக்க வச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்கு, மூக்கு நுனி செதில் லேசா செவந்துபோச்சு. ரெண்டு தடவ எலி வச்சேன், தொடல. ஆனா கையில எடுத்தா அமைதியா இருக்கு, சந்தோஷமாத்தான் இருக்குன்னு நெனச்சேன். இதுக்கு இமை கூட கிடையாது, முகத்தப் பாத்து எப்படிங்க கண்டுபிடிக்கறது? வெப்பம் 31 டிகிரி காட்டுது.

பதில்:
கையில அமைதியா இருக்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க, இந்த ஜாதி பயந்தாலும் அசையாமத்தான் இருக்கும், ரொம்ப பயந்தா தலைய உள்ள வச்சு பந்தா சுருண்டுக்கும், பேரே அதனாலதான். முகத்த விடுங்க, எங்க போய் படுக்குதுன்னு பாருங்க. தண்ணியிலயே கெடந்தா ஒண்ணு சூடு தாங்கல, இல்ல மைட் பூச்சி (பாம்பு ஒடம்புல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கற பொடிப் பூச்சி), சில சமயம் சட்டை உரிக்கப் போறதும் காரணமா இருக்கும். கண்ணு பால் படிஞ்ச மாதிரி இருக்கா? வெள்ள டிஷ்யூவால தாடைக்கு அடில மெதுவா தொடச்சு கறுப்பு புள்ளி ஒட்டுதான்னு பாருங்க. அந்த 31 எங்க வச்சு அளந்தது?

கேட்டவர்:
டிஷ்யூ சுத்தமா இருக்கு, கண்ணும் தெளிவு. தெர்மாமீட்டர் ஸ்டிக்கர் கண்ணாடி நடுவுல ஒட்டிருக்கு.

இன்னொருத்தர்:
அங்கதான் தப்பு. ஸ்டிக்கர் கண்ணாடியோட சூட்டத்தான் சொல்லும், பாம்பு வயித்த வச்சுப் படுக்கற தரை எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. இன்ஃப்ராரெட் கன் (தொடாமலே சூட்ட அளக்கற கருவி) வச்சு தரைய அளங்க, சூடான பக்கம் 31லேர்ந்து 33, குளிர்ந்த பக்கம் 24லேர்ந்து 27 இருக்கணும். சூட்ட கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டோட ப்ரோப் (சூட்ட உணர்ற ஒயர் நுனி) இருக்கற எடத்துலயே இருக்கான்னும் பாருங்க. ஒளியறதுக்கு எத்தன பெட்டி வச்சிருக்கீங்க?

கேட்டவர்:
அண்ணா, அளந்தேன், 41! டேப் விட்டு ப்ரோப் ஹீட் மேட்லேர்ந்து (தொட்டிக்கு அடில சூடு குடுக்கற விரிப்பு) கழண்டு தொங்குது. பெட்டி ஒண்ணுதான், அதுவும் அந்த சூட்டுப் பக்கமே. பாவம், ஒளியணும்னா வேகணும், சூட்டுக்குத் தப்பணும்னா ஒளிய எடமில்ல, அதான் கிண்ணம். மனசு கேக்கல.

அதே அண்ணா:
மொதல்ல அடிவயிறு பாருங்க தம்பி. செதில் செவந்தோ கொப்பளிச்சோ இருந்தா நாளைக்குன்னு தள்ளாம டாக்டர்கிட்ட போயிருங்க. மூச்சுல விசில் சத்தம், வாய் திறந்தே இருக்கறது, மூக்குல நுரை வந்தாலும் அப்படித்தான். ப்ரோப்ப மேட்டோட சேத்து தொட்டிக்கு வெளிய நல்லா ஒட்டுங்க, உள்ள டேப்பே வேணாம், செதில்ல ஒட்டிக்கிட்டா தோல் பிஞ்சிரும். குளிர்ந்த பக்கமும் ஒரு பெட்டி வைங்க, ஒடம்பு செவுத்துல உரசற அளவு சின்னதா இருந்தாத்தான் அதுக்கு தைரியம். ஒரு வாரம் கையிலயே எடுக்காதீங்க.

கேட்டவர், 11 நாள் கழிச்சு:
வயிறு சுத்தமா இருந்துச்சு, நல்லவேளை. 32ல வச்சேன், மூணாவது நாள் கிண்ணம் காலி. இப்போ பகல்ல குளிர்ந்த பெட்டி, சாயங்காலம் தலைய மட்டும் வெளிய நீட்டி நாக்க நிதானமா விட்டு விட்டு இழுக்குது. நேத்து எலியும் எடுத்துக்கிச்சு. ஆனா ராத்திரி இன்னும் தொட்டி பூரா சுத்துது, கவலைப்படணுமா?

அண்ணா:
வேணாம். நின்னு நின்னு மோந்து பாத்துட்டு சுத்தினா அது ஊர் சுத்தறது, நல்லது. அதே மூலைய விடாம முட்டினா மட்டும் திரும்பவும் தரைய அளங்க. எலி முழுங்கி 48 மணி நேரம் கையில எடுக்காதீங்க, கக்கிரும்.