இலவசக் காலம் முடிந்த பின் காரின் செயலிக்குச் சந்தா கட்டலாமா?

கடற்காற்று (டர்பன், தென்னாப்பிரிக்கா) எழுதியது:

வணக்கம். எங்கள் காரை வாங்கியபோது அதனுடன் வந்த இணையச் சேவை மூன்று ஆண்டுகளுக்கு இலவசம் என்று டீலர் சொல்லியிருந்தார். அந்தக் காலம் அடுத்த மாதத்துடன் முடிகிறது. தொடர வேண்டுமானால் மாதம் 129 ராண்ட், அல்லது ஆண்டுக்கு மொத்தமாக 1,290 ராண்ட் கட்ட வேண்டும் என்று செயலியிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. கதவு பூட்டியிருக்கிறதா என்று கைப்பேசியில் பார்ப்பது, கார் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காண்பது, எரிபொருள் அளவையும் சர்வீஸ் நாளையும் அறிவது, ஏறுவதற்கு முன்பே ஏசியை ஓடவிடுவது, விபத்து நேர்ந்தால் உதவி மையத்தை அழைக்கும் எஸ்ஓஎஸ் பொத்தான் ஆகியவை இந்தச் சந்தாவில் அடங்கும்.

இதைத் தவிர, காப்பீட்டு நிறுவனம் கேட்டதற்காகப் பொருத்திய, திருடுபோன காரைக் கண்டுபிடிக்க உதவும் டிராக்கர் கருவிக்கும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து டெபிட் ஆர்டராகப் பணம் போகிறது. ஒரே காரைக் கண்காணிக்க இரண்டு இடங்களில் பணம் கட்டுவது போலத் தோன்றுகிறது. காரை நானும், ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் படிக்கும் மகளும் ஓட்டுகிறோம். புரொஸ்பெக்டனில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவரும் சில இரவுகளில் எடுத்துச் செல்வார். டிராக்கரை நிறுத்திவிட்டுச் செயலியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? சந்தாவை நிறுத்தினால் காரில் வேறு ஏதாவது வேலை செய்யாமல் போகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலை (பீட்டர்மரிட்ஸ்பர்க்) எழுதியது:

காப்பீட்டுத் தரகராக வேலை பார்ப்பதால் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பாலிசி அட்டவணையை ஒரு முறை முழுவதுமாகப் படிக்காமல் டிராக்கரை நிறுத்திவிடாதீர்கள். நிறுவனம் ஏற்றுக்கொண்ட கருவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும், அதன் சந்தா நடப்பில் இருக்க வேண்டும், கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருக்குமானால், இவற்றில் ஒன்று குறைந்தாலும் திருட்டுக்கான இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி பிறந்துவிடும். டிராக்கரின் மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் முழுக் காரின் விலையை இழக்க வேண்டாம்.

கார் உற்பத்தியாளரின் செயலியைப் பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் டிராக்கராக ஏற்பதில்லை; அதற்குக் காரணமும் உண்டு. நெட்ஸ்டார், டிராக்கர், கார்ட்ராக் போன்ற நிறுவனங்களுக்கு நாம் மாதாமாதம் கட்டுவது வரைபடத்தில் தெரியும் ஒரு புள்ளிக்காக அல்ல. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் கட்டுப்பாட்டு அறைக்கும், காவல்துறையுடன் சேர்ந்து வண்டியைத் தேடிப் போகும் மீட்புக் குழுவுக்கும் கட்டுகிறோம். செயலியோ கார் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மற்றதை நீங்கள்தான் செய்ய வேண்டும். நள்ளிரவில் அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்து தாமாகவே கிளம்பிப் போக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். காவல்துறையின் 10111 எண்ணை அழையுங்கள், டிராக்கர் நிறுவனத்தை அழையுங்கள், வீட்டிலேயே இருங்கள்.

2022-ல் சாவியைத் துளையில் இடாமல் கிளப்பும் சில டொயோட்டா, லெக்சஸ் மாடல்கள் அதிகமாகத் திருடப்பட்டபோது, ஒன்று போதாது, இரண்டு டிராக்கர்கள் வேண்டும் என்றே சில காப்பீட்டு நிறுவனங்கள் கேட்டன. அந்த அளவுக்கு இங்கே நிலைமை இருக்கும்போது, செயலியை டிராக்கருக்கு மாற்றாக எண்ண முடியாது. எனவே உங்கள் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: டிராக்கர் எப்படியும் இருக்கத்தான் போகிறது என்றால், அதற்கு மேல் செயலி உங்களுக்கு எதைத் தருகிறது? பல டிராக்கர் நிறுவனங்களும் தங்கள் செயலியிலேயே கார் இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. நீங்கள் ஏற்கெனவே கட்டும் தொகையில் அது அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழையசாவி (சாட்ஸ்வொர்த்) எழுதியது:

அம்மா, நான் வாகன மின்சார வேலை செய்பவன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் காருக்குள், பெரும்பாலும் டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் தனியாக ஒரு சிம், ஒரு ஜிபிஎஸ் வாங்கி, கைப்பேசிக் கோபுரத்துடன் பேசும் ஒரு மோடம் ஆகியவை இருக்கும். நீங்கள் செயலியில் 'பூட்டு' என்று தட்டினால் அந்தக் கட்டளை முதலில் உற்பத்தியாளரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து கைப்பேசி வலையமைப்பு வழியாகக் காரை வந்தடைகிறது. சந்தா முடியும்போது அந்த சர்வர் உங்கள் கட்டளையை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். கார் ஓடும், சாவி, புளூடூத், ரேடியோ, கைப்பேசியைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே எல்லாம் முன்போலவே இருக்கும். காரில் பதிந்துள்ள வரைபடத்தில் நேரடிப் போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாமல் போகலாம். அதற்குக் கைப்பேசியில் உள்ள கூகுள் மேப்ஸோ வேஸோ இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.

எஸ்ஓஎஸ் பொத்தானைப் பற்றி மட்டும் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அனுமதி பெறும் கார் வகைகள் எல்லாவற்றிலும், விபத்தின்போது தானாகவே 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கும் வசதி சட்டப்படி கட்டாயம். அதற்குச் சந்தா கிடையாது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லாததால், அதே பொத்தான் சந்தாவோடு சேர்ந்து அணைந்துவிட வாய்ப்பு உண்டு.

இந்தச் செயலியால் நம் ஊரில் உண்மையாகவே ஒரு பயன் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடைவீதிப் பார்க்கிங்கில் சாவியின் ரிமோட் சிக்னலை ஜாமர் வைத்துத் தடுத்து, நாம் பூட்டிவிட்டதாக எண்ணி நகர்ந்ததும் கதவைத் திறந்து பொருட்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள் அல்லவா? 'கதவு பூட்டப்படவில்லை' என்று செயலி அறிவிக்குமானால் அது உதவிதான். ஆனால் அறிவிப்பு உடனே வரும் என்று சொல்ல முடியாது. அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் இல்லாவிட்டால் வராமலே போகலாம். இறங்கியதும் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தால், அந்த ஒரு பயனுக்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வண்டியைக் கடத்துபவர்கள் கைப்பேசி அலைகளையும் ஜாமர் கொண்டு அடைத்துவிடுவார்கள். அப்போது செயலி குருடாகிவிடும். சில டிராக்கர்கள் தனி வானொலி அலைவரிசையிலும் பேசுவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. செயலியைத் திறந்து நிலவரம் பார்க்கும்போதெல்லாம் தூங்கும் காரின் கணினிகள் சில நிமிடங்கள் விழித்துக்கொள்கின்றன. ஓடாமல் நிற்கும் காரை ஒரு நாளில் பலமுறை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். விடுமுறையில் விமான நிலையத்தில் காரை விட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று முன்பணம் கட்டும் திட்டம் வந்தால் வேண்டாம் என்பேன். மோடம் எந்தத் தலைமுறை வலையமைப்பில் பேசுகிறதோ, அந்த வலையமைப்பு இருக்கும் வரைதான் சேவையும் இருக்கும். அமெரிக்காவில் 2022-ல் 3ஜி அணைக்கப்பட்டபோது, பல நிறுவனங்களின் பழைய மாடல்களில் இந்த வசதிகள் ஒரேயடியாக நின்றுபோயின; கார்கள் என்னவோ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

புளியமரம் (டொங்காட்) எழுதியது:

எதற்கும் கட்டாதீர்கள் என்பதே என் கருத்து. பெட்டியும் சிம்மும் காரின் விலையிலேயே அடங்கிவிட்டன. சொந்தப் பொருளுக்கு மாத வாடகை கேட்பதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அதற்கு முடிவே இருக்காது. பிஎம்டபிள்யூ நிறுவனம் 2022-ல் பிரிட்டனில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதம் 15 பவுண்டு கேட்டது. இத்தனைக்கும் சூடாக்கும் கம்பி இருக்கைக்குள் ஏற்கெனவே இருந்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததால்தான் அடுத்த ஆண்டே அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

பழையசாவி எழுதியது:

புளியமரம் ஐயா, இருக்கைச் சூட்டையும் இதையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. அங்கே நிறுவனத்திற்கு மாதச் செலவு எதுவும் இல்லை. இங்கே சிம்முக்கும் சர்வருக்கும் மாதாமாதம் செலவு ஆகிறது. 129 ராண்ட் அதற்குச் சரியான விலையா என்பது வேறு வழக்கு. அதில் நான் உங்கள் பக்கம்தான்.

மழைத்துளி (பிரிட்டோரியா) எழுதியது:

கட்டுகிறவர்களின் தரப்பிலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும். எங்களுடையது மின்சாரக் கார். எந்த நேரத்தில் சார்ஜ் ஏற வேண்டும், எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் செயலியில்தான் அமைக்கிறேன். வீட்டுக் கூரையிலுள்ள சூரியத் தகடுகளில் வெயில் நன்றாக விழும் நேரத்தில் ஏற்றிக்கொள்ள அது உதவுகிறது. இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கும்போது, சார்ஜரில் இருக்கும் நிலையிலேயே உள்ளே சூடாக்கிவிட்டால் பேட்டரியும் மிச்சமாகிறது. பெட்ரோல் கார் வைத்திருந்தால் நானும் கட்டியிருக்க மாட்டேன். டர்பனின் வெப்பத்தில் ஏசியை முன்கூட்டியே ஓடவிடுவது சுகமான விஷயம்தான் என்றாலும், கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அதே வேலை நடந்துவிடும்.

கடற்காற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பாலிசி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். நெடுஞ்சாலை ஐயா சொன்ன நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஆகவே டிராக்கர் தொடரும். உண்மையைச் சொன்னால், நான் செயலியை அதிகம் பயன்படுத்துவது மகள் வளாகத்திலிருந்து கிளம்பிவிட்டாளா என்று பார்ப்பதற்குத்தான். அது அவளுக்கும் தெரியும், ஆனால் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இந்த விவரங்களெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன, சந்தாவை நிறுத்தினால் அவை சேகரிக்கப்படுவதும் நிற்குமா என்பது குறித்து யாராவது சொல்ல முடியுமா?

ஏட்டுச்சுவடி (லெனேசியா) எழுதியது:

சந்தாவை நிறுத்துவது வேறு, தரவு சேகரிப்பை நிறுத்துவது வேறு. பணம் கட்டாவிட்டால் செயலி உங்களுக்குக் காட்டாது என்பது உறுதி. கார் தன் நிறுவனத்திற்கு எதையும் அனுப்பாது என்று அதற்குப் பொருள் இல்லை. காரின் திரையில் தனியுரிமை அல்லது தரவுப் பகிர்வு என்ற பகுதிக்குப் போய் இருப்பிடப் பகிர்வைத் தனியாக அணைக்க வேண்டும். செயலியிலிருந்து காரை நீக்கவும் வேண்டும்.

இது வீண் அச்சம் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் தன் வாடிக்கையாளர்கள் எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார்கள், எத்தனை முறை திடீரென்று பிரேக் போடுகிறார்கள் என்ற விவரங்களைத் தரவு வணிக நிறுவனங்களுக்குக் கொடுத்ததும், அவை காப்பீட்டு நிறுவனங்களின் கைக்குப் போனதும் 2024-ல் வெளியே வந்தது. பலருக்குத் தாங்கள் அதற்குச் சம்மதம் கொடுத்ததே தெரிந்திருக்கவில்லை. வேண்டுமென்று கொடுக்காமலும் கசிவது உண்டு: ஜப்பானில் டொயோட்டாவின் இணையச் சேவையில் இருந்த ஏறக்குறைய 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் கார் இருப்பிட விவரங்கள், இணையம் வழியாகத் தரவை வைக்கும் மேகச் சேமிப்பைத் தவறாக அமைத்த காரணத்தால், 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை வெளியார் பார்க்கக்கூடிய நிலையில் கிடந்தன.

நம் நாட்டில் போபியா என்று அழைக்கப்படும் 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்களைப் பற்றி எந்தத் தகவலை வைத்திருக்கிறார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று இங்குள்ள நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். தேவையற்றதை அழிக்கச் சொல்ல இரண்டாம் எண் படிவம் இருக்கிறது. ஆனால் குடும்பத்திற்குள் நடப்பதை இந்தச் சட்டம் தொடுவதில்லை. மகளின் இருப்பிடத்தை நீங்கள் பார்ப்பது சரியா என்பதை அவளோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் தன் கைப்பேசியிலிருந்து தானே விரும்பி இருப்பிடத்தைப் பகிர்ந்தால் அதற்குச் செலவும் இல்லை, வேண்டாதபோது அவளே அணைத்துக்கொள்ளவும் முடியும். என் பார்வையில் அதுவே மரியாதையான வழி.

கட்டுவதென்று முடிவு செய்தால் மாதக் கட்டணத்தையே தேர்ந்தெடுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் மிச்சமாவது 258 ராண்ட் மட்டுமே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குறித்த கால ஒப்பந்தத்தை இருபது வேலை நாள் முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் முறித்துக்கொள்ள நமக்கு உரிமை தருகிறது என்றாலும், நியாயமான அளவுக்கு முறிப்புக் கட்டணம் கேட்க அவர்களுக்கும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. அந்தக் கடிதப் போக்குவரத்துக்கெல்லாம் 258 ராண்ட் ஈடாகாது.

கடற்காற்று எழுதியது:

டீலரிடம் கேட்டுவிட்டேன். எஸ்ஓஎஸ் பொத்தான் சந்தாவோடு சேர்ந்தது என்று மின்னஞ்சலில் பதில் வந்திருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக ஓட்டி வருகிறவர் என்ற முறையில் என் கணவர் அந்த ஒன்றுக்காகக் கட்டலாம் என்கிறார். டிராக்கர் நிறுவனத்திலேயே அவசர உதவி அழைப்பு இருக்கிறதே என்கிறேன் நான். இப்போதைக்குக் காலாவதியாக விட்டுவிட்டு, உண்மையிலேயே குறை தெரிந்தால் மாதக் கட்டணத்தில் சேர்வது என்று பேசி வைத்திருக்கிறோம். மகள் கைப்பேசியிலிருந்து பகிர்வதற்கு ஒப்புக்கொண்டாள், மாலை நேரங்களில் மட்டும்.

பழையசாவி எழுதியது:

நல்லது அம்மா. காலாவதியாகும் முன்பு இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். செயலியில் உள்ள சர்வீஸ் பதிவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விற்கும்போது வாங்குபவர் கேட்பார். இணையம் வழியாக மென்பொருள் புதுப்பிப்பு ஏதாவது காத்திருந்தால் அதையும் இப்போதே இறக்கிவிடுங்கள்; பிறகு அதற்காக டீலரிடம் போனால் சில இடங்களில் கூலி கேட்கிறார்கள்.