ஏர் ரைஃபிள்ல ஸ்கோப் பின்னாடி நகர்ந்துட்டே இருக்குங்க, எப்படி நிறுத்தறது?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி)

வணக்கம்ங்க. வச்சிருக்கறது .177 (4.5 மி.மீ.) பிரேக் பேரல் ஸ்பிரிங் ரைஃபிள், அதாவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏத்தற வகை. மேல 11 மி.மீ. டவ்டெயில் ரெயில். 3-9x40 ஸ்கோப், ரெண்டு தனித்தனி ரிங்ல மாட்டியிருக்கு. தோப்புல 20 மீட்டர்ல அட்டை வச்சு சுடறதோட சரி, வேற எதுக்கும் இல்ல.

ஜீரோ பண்ணி, அதாவது குறியும் பெல்லட் விழற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி ஸ்கோப்பைத் திருப்பி முடிச்ச உடனே குரூப் (பெல்லட் ஓட்டைக் கூட்டம்) நல்லாத்தான் விழுது, ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ள அடங்கும். கொஞ்ச நேரத்துல மெதுவா மேல ஏற ஆரம்பிக்குது. அப்புறம் அட்டையையே தாண்டிப் போகுது. பாத்தா பின் ரிங் ரெயிலோட கடைசிக்கு வந்து நிக்குது. ஸ்க்ரூவை இன்னும் முறுக்கினா மரை போயிரும் போல இருக்கு. ஒண்ணு ஏற்கனவே வழுக்குது. கடையில கேட்டா ஸ்கோப் சரியில்ல, வேற வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. ஸ்கோப்தான் பிரச்சனையா? ரெண்டு படம் போட்டிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க.

டெக்ஸாஸ் தமிழன்

ப்ரோ, ரிங்கைப் பிடிக்கிற விதம்தான் தப்பு, ஸ்கோப் இல்ல. நான் இங்க ஏஆர்-15 தோட்டா துப்பாக்கியில மாட்டுற முறையைச் சொல்றேன். ரிங்கோட குறுக்கு போல்ட்டை ரெயில் பள்ளத்துக்குள்ள இறக்கணும். அப்புறம் முழு மவுண்டையும் (ஸ்கோப்பை ரெயில்ல பிடிச்சு வைக்கற ரிங் செட்) குழல் பக்கமா, அதாவது முன்னாடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டே முறுக்கணும். சுடும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்துலயே இருக்கப் பாக்கும். ரெயிலை வச்சுப் பாத்தா அது முன்னாடி போற மாதிரி. போல்ட் ஏற்கனவே பள்ளத்தோட முன் சுவர்ல ஒட்டியிருந்தா அதுக்கு மேல நகர இடமில்ல. கண்டிப்பா ஒரு டார்க் ரெஞ்ச் (முறுக்கற பலத்தை அளந்து இறுக்கற கருவி) வாங்குங்க. கை கணக்கு எல்லாம் வேலைக்கு ஆகாது.

பட்டறை மாமா (கோவை)

டெக்ஸாஸ் தம்பி சொன்னது அவர் துப்பாக்கிக்குச் சரி. இந்த ரைஃபிளுக்கு ரெண்டு இடத்துல பொருந்தாது.

முதல்ல ரெயில். அவர் சொல்றது பிகாட்டினி. அமெரிக்க ராணுவம் 1995ல தரப்படுத்தினது. பள்ளம் 5.23 மி.மீ. அகலம், ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததுக்கும் 10.01 மி.மீ. எங்க வாங்கினாலும் இதே அளவுதான். நம்ம 11 மி.மீ. டவ்டெயில்ல குறுக்குப் பள்ளமே கிடையாது. ரெண்டு பக்கமும் சாய்வா வெட்டின நீளக் காடி, அவ்வளவுதான். மவுண்டைப் பிடிச்சு வைக்கறது அந்தக் காடியை ரெண்டு பக்கமும் கவ்வற ரிங் தாடையோட இறுக்கம் மட்டும்தான். 11ங்கறதும் பேருக்குத்தான். வெர்னியர் வச்சுப் பாத்தா ஒருத்தர் ரெயில் 10 இருக்கும், இன்னொருத்தரோடது 12க்கும் மேல போகும். சாய்வுக் கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி வேற.

ரெண்டாவது உதை. தோட்டா துப்பாக்கி ஒரு தடவைதான் பின்னாடி உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் அப்படி இல்ல. ட்ரிகர் விட்டதும் கனமான பிஸ்டன் முன்னாடி பாயும், ரைஃபிள் பின்னாடி வரும். அடுத்த நொடிக்குள்ள பிஸ்டன் சிலிண்டர் முனையில போய் நிக்கும், ரைஃபிள் மொத்தமும் முன்னாடி வெட்டி இழுக்கும். இந்த ரெண்டாவது இழுப்புதான் கூர்மையானது. நின்ன பஸ் திடீர்னு கிளம்பினா நிக்கறவங்க பின்னாடி சாயற மாதிரி, ஸ்கோப்பும் ரிங்கும் கண்ணு பக்கம் வரும். அதனால முன்னாடி தள்ளி முறுக்கினா இவருக்கு நகர இன்னும் கொஞ்சம் இடம் விட்ட மாதிரிதான் ஆகும்.

தோப்புக்காரரே, உங்க ரெண்டாவது படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். ரெயிலோட மேல்பரப்பு நடுவுல நீளவாக்குல பளபளன்னு ஒரு கீறல் தெரியுது. ரிங் தாடை தொடற இடம் அது இல்ல. பின் ரிங்கைக் கழட்டிக் கவுத்துப் பாருங்க. நடுவுல சின்னதா ஒரு ஆணி மாதிரி துருத்திட்டு இருக்கா?

தோப்புக்காரன்

இருக்குங்க மாமா! 2 மி.மீ. எலன் கீ போடற மாதிரி மேல ஓட்டை இருக்கு, கீழ கிட்டத்தட்ட 2 மி.மீ. வெளிய நிக்குது. அது எதுக்குன்னே தெரியாம இருந்தேன். ரெயிலோட பின்பக்கத்துல வட்டமா மூணு குழியும் இருக்கு.

பட்டறை மாமா

அதுதான் ஸ்டாப் பின். குழிக்குள்ள இறங்கி உக்கார வேண்டியது, குழியில்லாத இடத்துல ரெயில் முதுகு மேல ஊனிட்டு நிக்குது. ஆணி மேல நிக்கறதால பின் ரிங் தூக்கிட்டு இருக்கு. தாடை காடிக்குள்ள முழுசா இறங்காம ஓரத்தை மட்டும் கவ்வுது. நீங்க முறுக்க முறுக்க பலமெல்லாம் ஸ்க்ரூ மரைக்குத்தான் போகுது, பிடிமானத்துக்குப் போகல.

குரூப் ஏன் மேல போகுதுன்னும் கணக்குப் போட்டுக்கங்க. ரெண்டு ரிங்குக்கும் நடுவுல 100 மி.மீ. இருக்குன்னு வைங்க. பின் ரிங் 0.1 மி.மீ. தூக்கினாலே, ஒரு காகித கனம்தான், 20 மீட்டர்ல குறி 20 மி.மீ. மாறிடும். ஸ்கோப்போட பின்பக்கம் உசந்தா அது கீழ்நோக்கிப் பாக்கும். நீங்க குறியை அட்டைக்கு நேர் பண்ணும்போது குழல் மேல ஏறிடும், பெல்லட்டும் மேல போகும்.

செய்ய வேண்டியது இது. மொதல்ல பேரலை மடக்கி உள்ள பெல்லட் இல்லைன்னு பாத்துட்டு வேலையை ஆரம்பிங்க. ஸ்டாப் பின்னை மேல பக்கமா முழுசா உள்ள வாங்கிடுங்க. ரெயில், தாடை ரெண்டையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. மொபைல் ரிப்பேர் கடைக்காரங்க கிட்ட இருக்கும். தின்னர் வேண்டாம், பெயிண்டைத் தின்னுடும். எண்ணெய் பிசுக்கு இருந்தா எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். அப்புறம் தாடையோட உள்சாய்வுல மார்க்கர் பேனாவால கறுப்பு பூசிட்டு, ரெயில்ல வச்சு லேசா இறுக்கி, கழட்டிப் பாருங்க. மை எங்க உரிஞ்சிருக்குன்னு படம் போடுங்க. மத்தது அப்புறம்.

நல்லதம்பி_77

இவ்வளவு சிரமம் எதுக்கு? ரெயில்ல ரெண்டு சொட்டு ஃபெவிக்விக் விட்டா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். இல்லேன்னா நடுவுல சைக்கிள் ட்யூப் வெட்டி வைங்க. நான் அப்படித்தான் ஓட்டறேன்.

பட்டறை மாமா

ட்யூப் வச்சா ரப்பர் ஒவ்வொரு உதைக்கும் அமுங்கி எழும்பும். ஸ்கோப் நகராது, ஆனா ஒரு தடவை இருந்த கோணம் அடுத்த தடவை இருக்காது. ஃபெவிக்விக் அதிர்வுக்கு நொறுங்கிடும். கழட்டறப்ப பெயிண்டும் சேந்து வரும்.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர் (மதுரை)

நானும் ஒன்று சொல்கிறேன். தம்பி, உங்கள் ஸ்கோப்பில் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரியும் பிழை) சரிசெய்யும் வளையம் இருக்கிறதா? பெரிய துப்பாக்கிகளுக்கான சாதாரண ஸ்கோப்பில் அது 100 கெஜத்துக்கு நிலைநிறுத்தப்பட்டிருக்கும். 20 மீட்டரில் கண்ணைச் சற்று ஓரமாக வைத்தாலே குறி நகர்ந்தது போலத் தெரியும். ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிலுவைக் கோடு அட்டையின் மீது நீந்தினால், மவுண்டைச் சரிசெய்த பிறகும் குரூப் சிதறும்.

இன்னொன்று, ஸ்டாக்கைப் பிடிக்கும் முன்பக்கத் திருகுகள். ஸ்பிரிங் ரைஃபிளில் அவை தளர்ந்துகொண்டே இருக்கும். ஸ்கோப் ஆடுகிறது என்று என்னிடம் கொண்டுவந்த பலரின் ரைஃபிளில் ஸ்கோப் கல் போல நின்றது, ஸ்டாக்தான் ஆடியது.

டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கவலை வேண்டாம். எலன் கீயின் நீளக் கையைத் திருகில் செருகுங்கள். குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் திருகுங்கள். அந்த வலு போதும். ஸ்கோப் குழாயைச் சுற்றும் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர்தான் வழக்கம். அதற்கு மேல் போனால் அலுமினியக் குழாய் நசுங்கும். நான்கு திருகையும் குறுக்குமறுக்காக, கால் கால் சுற்றாக இறுக்குங்கள். மூடியின் இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும்.

தோப்புக்காரன்

மார்க்கர் சோதனை பண்ணிட்டேன், படம் போட்டிருக்கேன். முன் ரிங்ல ரெண்டு பக்கமும் பட்டையா உரிஞ்சிருக்கு. பின் ரிங்ல இடது பக்கம் மட்டும் பட்டை, வலது பக்கம் கீழ்முனையில நூல் மாதிரி ஒரு கோடுதான். பாரலாக்ஸ் வளையம் இருக்குங்க சார், 100லயே கிடந்துச்சு. இப்ப 20க்கு வச்சாச்சு, கோடு நீந்தல.

பட்டறை மாமா

முன் ரிங் நல்லா இருக்கு. பின் ரிங்ல நகர்ற தாடையோட மரை வழுக்கறதால அது சாஞ்சு உக்காருது. அந்த ரிங்கை நம்ப வேண்டாம். ரெண்டு ரிங்கையும் தூக்கி வச்சுட்டு ஒரே துண்டா வர்ற மவுண்ட் வாங்குங்க. ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு ஸ்க்ரூ இருக்கும், கவ்வற நீளம் ரெண்டு மடங்குக்கு மேல. வாங்கறப்ப ஸ்டாப் பின் இருக்கான்னு கவுத்துப் பாத்து வாங்குங்க. பின் இல்லாத மலிவு மவுண்ட் நிறைய வருது. 11 மி.மீ.யில இருந்து பிகாட்டினிக்கு மாத்தற அடாப்டர் பக்கம் போகாதீங்க. நகரக்கூடிய இணைப்பு ஒண்ணுக்கு ரெண்டாயிடும்.

மாட்டற வரிசை முக்கியம். பின்னை உள்ள வாங்கின நிலையில மவுண்டை ரெயில்ல வச்சு, பின்னுக்கு நேரா குழி வர்ற மாதிரி நகர்த்துங்க. தாடையைப் பாதி இறுக்கம். இப்ப பின்னை இறக்குங்க. குழியோட அடி தட்டினதும் கால் சுற்று மேல எடுத்துடுங்க. பின் அடியில ஊனவே கூடாது, பக்கவாட்டுச் சுவர்ல முட்டினா போதும். அப்புறம் தாடையைக் கொஞ்சம் தளர்த்தி, மொத்த மவுண்டையும் கண்ணு பக்கமா இழுத்து, ஸ்டாப் பின் போய் குழியோட கண்ணு பக்கச் சுவர்ல முட்டினதும் முழுசா இறுக்குங்க. முட்டலேன்னா மவுண்ட் அந்த இடைவெளி வரைக்கும் நகர்ந்துட்டுத்தான் நிக்கும், உங்க ஜீரோ அதோட போச்சு.

தாடை ஸ்க்ரூவுக்கு ஊதா நிற லாக்டைட், 222, ஒரு சொட்டு விடலாம். கை கீயாலயே கழண்டு வரும். சிவப்பு வேண்டாம், அதைச் சூடு காட்டித்தான் எடுக்கணும், ஸ்கோப் பக்கத்துல அந்த வேலை ஆகாது. மேல்மூடி ஸ்க்ரூவுக்கு எதுவும் விடாதீங்க. மரை ஈரமா இருந்தா அதே முறுக்குக்கு இறுக்கம் கூடிப்போகும், குழாய் நசுங்கும்.

கடைசியா வீட்டுல நெயில் பாலிஷ் வாங்கி ரெண்டு கோடு போடுங்க. ஒண்ணு மவுண்டும் ரெயிலும் சேர்ற இடத்துல, இன்னொண்ணு ரிங்கும் ஸ்கோப் குழாயும் சேர்ற இடத்துல. எந்தக் கோடு உடையுதோ அங்கதான் நகருது. ரிங்குக்குள்ள குழாய் வழுக்கறதை நிறைய பேர் மவுண்ட் நகருதுன்னு நினைச்சுக்கறாங்க.

டெக்ஸாஸ் தமிழன்

மாமா, ரெண்டாவது உதை எனக்குப் புதுசு. நன்றி. அப்ப எங்க ஊர்ல ஸ்பிரிங் ரைஃபிளுக்குன்னு தனியா ஸ்கோப் விக்கறதுக்கும் இதுதான் காரணமா?

பட்டறை மாமா

ஆமா தம்பி. தோட்டா துப்பாக்கி ஸ்கோப்போட உள்கண்ணாடியை ஒரு பக்க உதைக்குத்தான் முட்டுக் கொடுத்திருப்பாங்க. ஸ்பிரிங் ரைஃபிள்ல மாட்டினா மறுபக்க இழுப்புல லென்ஸ் தளரும், சிலுவைக் கோடு அறும். வாங்கறப்ப ஏர்கன் ரேட்டட்னு எழுதியிருக்கான்னு பாக்கணும். எடையும் பாக்கணும். ஸ்கோப் கனமா இருந்தா மவுண்ட் மேல இழுப்பும் அந்த அளவுக்குக் கூடும்.

தோப்புக்காரன்

ஒரே துண்டு மவுண்ட் வந்துச்சு, நீங்க சொன்ன வரிசையிலயே மாட்டினேன். ஒரு டின் முழுசா சுட்டாச்சு. மவுண்ட் கோடு, குழாய் கோடு ரெண்டும் உடையல. பயிற்சியாளர் சார் சொன்னதையும் பாத்தேன். ஸ்டாக்கோட முன்பக்க ஸ்க்ரூ ரெண்டும் கையாலயே சுத்துற அளவுக்கு இருந்துச்சு, இறுக்கிட்டேன். இப்ப 20 மீட்டர்ல குரூப் ஏறல. ஆனா எலிவேஷன் டரட்டை (குறியை மேல கீழ நகர்த்தற திருகு) கடைசி வரைக்கும் மேல திருப்பியும் பெல்லட் இன்னும் ஒரு விரல் கட்டை கீழதான் விழுது. பழைய ரிங்ல இந்தத் தொந்தரவு இல்ல.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர்

பழைய ரிங்கில் அந்த ஆணியே பின்பக்கத்தைத் தூக்கி அதை மறைத்திருக்கிறது. பிரேக் பேரலில் குழல் ரெயிலைவிடச் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது சகஜம். டரட்டைக் கடைசியில் வைத்துச் சுடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, குறி தானாகவே அலையும். பின்பக்கம் உயர்த்திக் கடைந்த ட்ரூப் மவுண்ட் என்று தனியாகவே விற்கிறது. அதற்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பின் ரிங்கின் கீழ்ப்பாதியில், ஸ்கோப் குழாய்க்கு அடியில், பழைய போட்டோ ஃபிலிம் துண்டு ஒன்று வையுங்கள். ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் வைத்தால் குழாய் வளையும். பிறகு டரட்டை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி ஜீரோ செய்யுங்கள்.

நல்லதம்பி_77

சார், இதே ரைஃபிள் பேரல்ல கிளாம்ப் போட்டு டார்ச் மாட்டலாமா? ராத்திரி கொக்கு, புறா அடிக்க வசதியா இருக்கும்.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர்

பிரேக் பேரலில் குழல் மீது எதை மாட்டினாலும் அதன் அதிர்வு மாறும், ஜீரோ போகும். அது இருக்கட்டும். கொக்கும் புறாவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. அதை வைத்துப் பறவையைச் சுட அந்த விதி அனுமதி தரவில்லை. அட்டையைச் சுடுங்கள்.

தோப்புக்காரன்

ஃபிலிம் துண்டு ஒண்ணு வச்சேன் சார், டரட் நடுவுக்குக் கிட்ட வந்துருச்சு. மாமா, ஒரே ஒரு கேள்வி. கழட்டின முன் ரிங் நல்லா இருக்குன்னீங்களே, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி ஃப்ரெண்டோட பிசிபி (முன்னாடியே காத்தை அழுத்தி நிரப்பி வச்சுச் சுடற) ரைஃபிளுக்குப் போடலாமா?

பட்டறை மாமா

தாராளமா. பிசிபில பிஸ்டன் இல்ல, உதையும் பேருக்குத்தான், ரெண்டு ரிங் போதும். அவர் ரெயில் அகலத்தை மட்டும் வெர்னியர்ல அளந்துட்டு, மார்க்கர் சோதனை பண்ணிட்டு மாட்டச் சொல்லுங்க.