தமிழ் விக்கிப்பீடியாவில் முதன்முதலாக எழுதியபோது நேர்ந்தவை: உறுப்பினர் பகிர்வுகள்

ஏரிக்கரை

நான் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது. ஆயினும் முதல் திருத்தத்துக்கு நேர்ந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஏரிப் பாசனம் குறித்த கட்டுரை ஒன்றில் மதகு, தூம்பு (கரைக்கு அடியில் நீர் வெளியேறும் வழி), கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்) எல்லாம் விளக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறைவைத்துப் பங்கிடும் நீர்க்கட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஊர் நீர்க்கட்டி எண்பது வயதைக் கடந்தவர். ஏரியில் நீர் குறையும் ஆண்டில் கடைமடைக்காரருக்கு எப்படிப் பங்கு ஒதுக்குவார்கள், அறுவடையின்போது நீர்க்கட்டிக்குக் களத்திலேயே நெல் அளப்பது எப்படி என்பதையெல்லாம் அவரிடம் கேட்டு, ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்தேன்.

மறுநாள் மாலை, அதை அவருக்குக் காட்டுவதற்காக மதகின் கைப்பிடிச் சுவரில் அவரருகே அமர்ந்து கைப்பேசியைத் திறந்தேன். பத்தியைக் காணவில்லை. ‘வரலாறு’ பக்கத்தில் கழித்தல் குறியுடன் சிவப்பு நிறத்தில் ஓர் எண்ணும், அதன் அருகே ‘சான்றில்லை’ என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தன. பெரியவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எந்த எடத்துல இருக்கு, தம்பி?” என்று கேட்டார். சான்றில்லாததை நீக்கலாம் என்ற விதி எனக்குப் புரிகிறது. ஆனால் ‘சான்று தேவை’ என்று குறியிட்டுச் சில நாள் விட்டிருக்கலாம். கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். அந்தப் பயனர் இரண்டையும் செய்யவில்லை.

தொகுப்பாளன்

ஏரிக்கரை அவர்களின் வருத்தம் நியாயமானது. எனினும் நீக்கியவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து பாருங்கள். யாரோ ஒரு நடிகரின் பிறந்த ஆண்டை மாற்றுகிறார், யாரோ தம் கடையின் விளம்பரத்தை ஊர்க் கட்டுரையில் ஒட்டுகிறார், யாரோ நாளிதழ்ச் செய்தியை அப்படியே படியெடுத்துப் போடுகிறார். சான்றில்லாத ஒரு பத்தி வரும்போது, அது எண்பது வயது நீர்க்கட்டி சொன்னதா, எவரோ புனைந்ததா என்பதைத் திரையைப் பார்த்து அறிய வழியில்லை. என் முதல் திருத்தமும் நீக்கப்பட்டதுதான். ஊர்க் கோயில் தேரின் உயரத்தை எழுதியிருந்தேன், அவ்வளவே.

புதிதாக வருவோர் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் இவ்வளவு மனக்கசப்பு நேராது. முதலாவதாக, திருத்தம் நீக்கப்பட்டால் எழுதியது அழிந்துவிடுவதில்லை. ‘வரலாறு’ பக்கத்தில் பழைய பதிப்பைத் திறந்து, உரையை எடுத்துச் சான்றுடன் மீண்டும் சேர்க்கலாம். பக்கமே நீக்கப்பட்டாலும் நிர்வாகி ஒருவரிடம் கேட்டால் மீட்டுத் தர இயலும். நீளமாக எழுதுவோர் முதலில் பயிற்சிக்கான பக்கமாகிய மணல்தொட்டியிலோ தம் பயனர் வெளியிலோ (தம் பெயரிலுள்ள பக்கங்களிலோ) எழுதிப் பார்ப்பது நல்லது. ஏரிகளைப் பொறுத்தவரை சான்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரச்சுவடிகள் (கெசட்டியர்கள்) இருக்கின்றன, மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள் இருக்கின்றன. மதகும் தூம்பும் செய்து கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிவைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததால், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழிலும் தேடினால் உங்கள் வட்டாரத்து ஏரியே கிடைக்கக்கூடும். என்ன மாற்றினோம், ஏன் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியை ஒருபோதும் வெற்றாக விடாதீர்கள். ‘இன்ன நூலின் அடிப்படையில் சேர்த்தேன்’ என்று ஒரு வரி இருந்தால், நீக்க நினைப்பவரின் கை ஒரு கணம் தயங்கும்.

பனையோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என்னுடையது படம் பற்றிய கதை. ஒடியல் கட்டுரைக்கு நல்ல படம் இல்லை என்பதால், எங்கள் வளவில் பனங்கிழங்கை நெடுக்காகக் கிழித்துப் பாயில் வெயிலுக்குப் பரப்பியிருந்தபோது அப்பா எடுத்த படத்தை விக்கிப்பீடியாக்களுக்கான படக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். அதே படத்தை அவர் முன்பே முகநூலில் போட்டிருந்தார். சில மணி நேரத்தில் நீக்கல் வேண்டுகோள் ஒன்று வந்தது: “இப்படத்தை வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதற்கு என்ன சான்று?” எங்கள் முற்றம், எங்கள் பாய், பாயின் ஓரத்தில் தெரிவது என் அம்மாவின் கை. அதற்குச் சான்று கேட்கிறார்களே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பதிப்புரிமை படத்தை எடுத்தவருக்கே உரியது என்றும், வேறிடத்தில் முன்பே வெளிவந்த படமாயின் உரியவரே மின்னஞ்சலில் தம் ஒப்புதலைத் தன்னார்வலர் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், நீக்கல் வேண்டுகோள் குறைந்தது 7 நாள் திறந்திருக்கும் என்றும் இன்னொரு பயனர் பொறுமையாக விளக்கினார். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினார். படம் நிலைத்தது. பிறகு ஒருநாள், எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியொன்றின் கட்டுரையில் அதே படத்தைக் கண்டேன். ஒடியல் மாவில் கூழ் காய்ச்சத் தெரியாத மக்களும் அம்மாவின் கையைப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆயினும் அந்த முதல் கேள்வி கேட்கப்பட்ட விதம் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

நாட்குறிப்பு

தொகுப்பாளன் அவர்களே, ‘சான்றுக்குப் பஞ்சமே இல்லை’ என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. மதகைக் கட்டிக் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கும். மதகைத் திறந்து மூடியவர் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? ஏரிக்கரை அவர்கள் எழுதியது பின்னவரைப் பற்றி. அச்சில் ஏறாத அறிவை என்ன செய்வது என்ற கேள்வி விக்கிமீடியருக்குப் புதிதும் அன்று. 2011-இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில், பேச்சைப் பதிவுசெய்து அதையே மேற்கோளாகக் காட்டிப் பார்க்கும் முயற்சி விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவுடன் நடந்தது. அது பொது விதியாகவில்லை என்றாலும், கேள்வி தீர்ந்துபோய்விடவில்லை.

அச்சில் உள்ளவர்களுக்கும் கதவு எளிதில் திறப்பதில்லை. இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்டு பற்றிய வரைவு 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் போதிய சான்றில்லை என்று ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில்தான் அவருக்குக் கட்டுரை உண்டாயிற்று. என் அனுபவம் சிறியது. வாழ்நாள் முழுவதும் ஒப்பாரிப் பாடல்களைத் தொகுத்த ஓர் ஆய்வாளரைப் பற்றி எழுதினேன். ‘குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது’, அதாவது தனிக் கட்டுரைக்குரிய முக்கியத்துவம் உண்டா என்பது ஐயம், என்ற வார்ப்புரு (அறிவிப்புப் பெட்டி) கட்டுரையின் தலையில் வந்து அமர்ந்தது. அவரிடம் பாடல் சொன்ன பெண்கள் எவரும் நூல் எழுதியதில்லை, அவர் எழுதிய நூல்களுக்கோ மதிப்புரை எழுதியவர் மிகச் சிலர். அந்த மதிப்புரைகளைச் சிற்றிதழ்களில் தேடித் தேடிச் சேர்த்தேன். வார்ப்புருவை இட்டவர் ஒருமுறைகூடத் திரும்பி வந்து பார்க்கவில்லை. வேறொருவர் வந்துதான் அதை எடுத்தார்.

இலைநரம்பு

எனக்கு நேர்ந்தது இதற்கு மாறானது என்பதால் எழுதுகிறேன். அப்போது நான் தாவரவியல் இளநிலை மாணவன். வேம்பு பற்றிய பக்கம் ஒன்றில் இருந்த படம் மலைவேம்பின் படம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வேப்பிலை ஒரே நடுக்காம்பில் இருபுறமும் சிற்றிலைகள் அடுக்கிய கூட்டிலை. மலைவேம்பிலோ அந்த நடுக்காம்பே கிளைத்து, கிளைகளில் சிற்றிலைகள் அமையும். படத்தை எடுத்துவிட்டேன். தொகுப்புச் சுருக்கம் என்ற பெட்டி இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. சில நிமிடங்களில் படம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

பேச்சுப் பக்கத்துக்குச் சென்று, இரு மரங்களின் இலைகளையும் ஒரே வெள்ளைத் தாளில் அருகருகே வைத்து எடுத்த படத்தை இணைத்து, வேறுபாட்டை விளக்கி எழுதினேன். மீளமைத்த அதே பயனர் அன்றிரவே பதில் எழுதினார். அவர் தாவரவியல் படித்தவர் அல்லர். நான் சொன்னதை நம்பிவிடாமல், தம் வீட்டு வாசலில் நின்ற வேப்ப மரத்திலிருந்து ஓர் இலையைப் பறித்து என் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். பழைய படத்தை மலைவேம்புப் பக்கத்துக்கு நகர்த்தியவரும் அவர்தான். அதன் பிறகு, வேப்பம்பூவின் அண்மைப் படம் ஒன்று பக்கத்தில் இல்லை, சித்திரையில் எடுத்துத் தர இயலுமா என்று என்னிடம் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.