சிக்கன் சாலட் ஃபிளாட்பிரெட்: ஓரம் விறைக்கிறது, நடுவில் சொதசொதக்கிறது. என்ன செய்யலாம்?

மயூர் விஹார் வாசகி:

வணக்கம். டெல்லி வெயிலில் ராத்திரி அடுப்பு முன்னால் நின்று குழம்பு வைக்கத் தெம்பில்லை. ஆபீஸ் விட்டு வீடு வந்து சேரவே ஏழரை ஆகிவிடுகிறது. அதனால் வார நாட்களில் தவாவில் ஃபிளாட்பிரெட் சுட்டு, மேலே சிக்கன் சாலட் வைத்துச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறோம். ராத்திரிச் சோறு என்றாலே முகம் சுளிக்கிற பையன் இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். எப்படியாவது இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

ஒரு கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு, முக்கால் கப் தயிர். ஈஸ்ட் கிடையாது. பிசைந்து, சப்பாத்தி கனத்துக்குத் தேய்த்து, நான்ஸ்டிக் தவாவில் சிம்மில் சுடுகிறேன். சிக்கன் பிரெஸ்ட்டைக் குக்கரில் மூன்று விசில் விட்டு, சூட்டோடு பிய்த்து, வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், மயோனைஸ், தயிர், மிளகுத்தூள், எலுமிச்சை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலந்துவிடுகிறேன்.

மாவு கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சுட்ட ரொட்டி சாப்பிட உட்காருவதற்குள் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துவிடுகிறது. ஆனால் சாலட் வைத்த நடுப்பகுதி ஊறிப்போய், கையில் எடுத்தால் கிழிகிறது. சிக்கனும் நார்நாராக இருக்கிறது. ஒரே ரொட்டியில் இரண்டும் எப்படி நடக்கிறது என்று புரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்.கே.புரம் அக்கா:

நடுப்பகுதியை முதலில் பார்ப்போம். அங்கே கோளாறு ரொட்டியில் இல்லை, தண்ணீரில். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, கால் டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி, வடிகட்டியில் போட்டு ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் இளம்பச்சையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். காய்க்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். உங்கள் சாலட்டிலும் இதேதான் நடக்கிறது, அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள அங்கே ரொட்டி இருக்கிறது. வெள்ளரிக்காயைக் கையால் நன்றாகப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அதில் உப்பு ஏறியிருக்கும், அதனால் சாலட்டுக்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். தக்காளியில் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். வெங்காயத்தால் பெரிய தொந்தரவு இல்லை.

அப்புறம், சூடான சிக்கனில் மயோனைஸ் கலக்கவே கூடாது. மயோனைஸ் என்பது எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்க அடித்துச் சேர்த்த கலவை. சூடு பட்டால் எண்ணெய் தனியே பிரிந்து வடியும். சிக்கனிலிருந்து வரும் ஆவியும் கிண்ணத்துக்குள்ளேயே தண்ணீராகிவிடும். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகு கலக்குங்கள். தயிரைக் காலையிலேயே மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் வந்தால் வெண்ணெய் பதத்தில் இருக்கும்.

பரிமாறும்போது ரொட்டியில் மெல்லிசாக வெண்ணெய் தடவி, மேலே ஒரு லெட்யூஸ் இலை வைத்து, அதற்கு மேல் சாலட். வெண்ணெய் ஈரத்தை உள்ளே விடாது. முன்கூட்டியே அடுக்கி வைக்காதீர்கள். சாலட் தனியாக, ரொட்டி தனியாக வைத்து, உட்கார்ந்த பிறகு அவரவர் வைத்துக்கொள்ளட்டும்.

கரோல் பாக் அடுப்படி:

அக்கா சொன்னதோடு ஓரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். காரணம் அந்தச் சிம்தான். தீ குறைவாக இருந்தால் ரொட்டி வேக நேரமாகும், அதற்குள் அதிலுள்ள ஈரமெல்லாம் ஓடிவிடும். சுட்டதும் மெத்தென்று தெரியும், ஆறினதும் விறைத்துவிடும். இரும்புத் தவா இருந்தால் அதை எடுங்கள். நன்றாகக் காயவிட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உடனே வற்ற வேண்டும். அந்தச் சூட்டில் பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிஷம் போதும். மேலே குமிழ் எழும்பினதும் திருப்புங்கள். நான்ஸ்டிக்தான் இருக்கிறது என்றால் மிதமான தீ வைக்கலாம், வெறும் கல்லாக ரொம்ப நேரம் காயவிடாதீர்கள்.

சப்பாத்தி கனம் இதற்குப் போதாது. அதைவிட இரண்டு மடங்கு கனமாகத் தேயுங்கள். எடுத்தவுடனே பருத்தித் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அதன் ஆவியே அதை மெத்தென்று வைக்கும். ஃபேனுக்குக் கீழே தட்டில் திறந்து வைத்தால் எந்த ரொட்டியும் விறைக்கும்.

மாவு ஒட்டுவது தயிரால். முக்கால் கப் அளவு, வடித்த கெட்டித் தயிருக்குத்தான் சரிவரும். சாதாரணத் தயிர் என்றால் அரை கப்பில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள். பிசைந்து பத்து நிமிஷம் மூடி வைத்தாலே ஒட்டுவது பாதி குறைந்துவிடும்.

நொய்டா நண்பர்:

மைதாவுக்குப் பதில் பாதி கோதுமை மாவு போட்டால் ஒட்டாதே? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கரோல் பாக் அடுப்படி:

தாராளமாகப் போடலாம். சக்கி ஆட்டா நிறையத் தண்ணீர் குடிக்கும், அதனால்தான் ஒட்டுவதில்லை. ஆனால் அதே தயிர் அளவில் பிசைந்தால் ரொட்டி இன்னும் வறட்சியாக வரும். ஒன்றிரண்டு ஸ்பூன் தயிர் கூட்டி, இருபது நிமிஷம் ஊறவிட்டால் சரியாகும். விறைப்புதான் இவருடைய குறை என்பதால் முதலில் மைதாவிலேயே பதம் பிடிக்கட்டும் என்று நினைக்கிறேன்.

முனிர்கா தம்பி:

நேரமில்லாத நாளில் ரொட்டி சுடாமலே சமாளிக்கலாம் அக்கா. லாஜ்பத் நகரில் ஆப்கானியர் பேக்கரிகளில் நீளமான நான் ரொட்டி கிடைக்கும். கடையில் விற்கிற வெள்ளைக் குல்ச்சா சீக்கிரம் ஊறிவிடும், இந்த நான் அவ்வளவு சீக்கிரம் ஊறாது. தவாவில் ஒரு புரட்டு புரட்டினால் போதும்.

ஆர்.கே.புரம் அக்கா:

நல்ல யோசனை தம்பி. மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றிலிருந்து பிங்க் லைன் மெட்ரோ ஏறினால் லாஜ்பத் நகர் அதே வழியில்தான். இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஐ.என்.ஏ. அந்த மார்க்கெட்டில் லெட்யூஸ், எலும்பில்லாத தொடைக்கறி, நம் ஊர் மளிகை எல்லாம் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம்.

தொடைக்கறி என்றதும் ஞாபகம் வருகிறது, சிக்கனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோழி பாதுகாப்பாக வேக உள்ளே 74 டிகிரி எட்டினால் போதும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி பக்கம் போகும். கொழுப்பே இல்லாத பிரெஸ்ட் மூன்று விசிலுக்கு எப்படித் தாங்கும்? அதிலிருக்கும் சாறெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். கனமான துண்டைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, உப்பு, நசுக்கிய இஞ்சி, நாலு மிளகு போட்ட தண்ணீரில் மூழ்க வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, எட்டுப் பத்து நிமிஷம். அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே இன்னும் பத்து நிமிஷம். கனமான இடத்தில் கத்தியால் கீறினால் ரோஜா நிறம் தெரியக்கூடாது, சாறு தெளிவாக வரவேண்டும். ரோஜா நிறம் தெரிந்தால் மறுபடி கொதிக்கவிடுங்கள்.

நார்நாராகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், கையால் பிய்ப்பது. இறைச்சியில் நார் ஓடும் திசை கண்ணுக்கே தெரியும். பிய்த்தால் அந்த நீளம் அப்படியே வாயில் மாட்டும். கத்தி எடுத்து நாருக்குக் குறுக்கே சின்னத் துண்டுகளாக நறுக்கிப் பாருங்கள், அதே கறி மெத்தென்று இருக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மிளகு ரசத்துக்கு அருமையாக இருக்கும்.

மயூர் விஹார் வாசகி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெள்ளரிக்காயிலிருந்து வடிந்த தண்ணீரைப் பார்த்து வீட்டுக்காரரே அசந்துபோனார். சாப்பிட்டு முடிக்கும்வரை ரொட்டி கிழியவில்லை, ஓரமும் மடிக்க வந்தது. சிக்கனைக் குறுக்கே நறுக்கியதில்தான் அதிக வித்தியாசம் தெரிந்தது. பெரியவர்கள் தட்டில் மட்டும் இரண்டு மோர்மிளகாயை வறுத்து நொறுக்கித் தூவினேன், மயோனைஸின் வழவழப்புக்கு அந்தக் காரம் நன்றாகச் சேர்ந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமையே சிக்கனையும் ரொட்டியையும் செய்து வைக்கலாமா? பையன் பள்ளிக்கூட டிஃபனுக்கும் இதையே கேட்கிறான், கொடுக்கலாமா?

கரோல் பாக் அடுப்படி:

மாவாகப் பிசைந்து வைக்காதீர்கள். தயிர் பட்டவுடனேயே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும், மறுநாள் சுட்டால் அவ்வளவாக எழும்பாது. சுட்ட ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைக்கும், மாவுச்சத்தின் குணம் அப்படி. ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்து நேராகச் சூடான தவாவில் போட்டால் போதும்.

ஆர்.கே.புரம் அக்கா:

வெந்த சிக்கனை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும். ஞாயிறு செய்தது புதன் ராத்திரிக்குள் தீர்ந்துவிட வேண்டும். காயும் மயோனைஸும் அன்றன்றைக்குக் கலந்தால் போதும்.

டிஃபனுக்குக் கண்டிப்பாக வேண்டாம் அம்மா. சாதாரண நாளில் சமைத்த சிக்கன் வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. இங்கே மே மாதம் 40 டிகிரி தாண்டுகிறது, பையன் டப்பாவைத் திறக்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். டிஃபனுக்கு ரொட்டியை மட்டும் கொடுத்துவிடுங்கள், நெய் தடவி இட்லிப்பொடி தூவிச் சுருட்டினால் நன்றாக இருக்கும். சிக்கனை ராத்திரி சாப்பிடட்டும்.