கோடிக்கரைச் சேறு ஆளை விழுங்குமா?

சதுப்புவாசி:
'பொன்னியின் செல்வன்' வருணனை எல்லாம் அறிவியல்படி அச்சு அசல் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடலோரக் கோடிக்கரைப் புதைசேறு என்று கல்கி எத்தனை பயமுறுத்துகிறார்! புதைசேறு ஆளை முழுசாக விழுங்காது. அதன் அடர்த்தி தண்ணீரைப் போலச் சுமார் 2 மடங்கு. ஆள் உடம்போ ஏறத்தாழத் தண்ணீரின் அடர்த்திதான், அதனால் மிதந்து இடுப்போடு நின்றுவிடும். 2005இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தே காட்டிவிட்டார்கள்.

குந்தவை கட்சி:
முழுசாக விழுங்கியதாக யார் சொன்னது? கதாநாயகன் வந்தியத்தேவன் மாட்டினான், ஓடக்காரப் பெண் பூங்குழலி கரையேற்றினாள். இரண்டாம் பாகத்தில் 'சேற்றுப் பள்ளம்' என்று அத்தியாயமே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள் ஐயா.

சதுப்புவாசி:
நீங்கள் பிறக்கும் முன்பே படித்தாயிற்று. வாராவாரம் வந்த தொடர்கதை, ஆளைச் சேற்றில் நிறுத்தினால்தானே அடுத்த இதழ் விற்கும். கேள்வி அதுவல்ல. இடுப்பு.

ஓடக்காரி:
வெளிமான் பார்க்க அங்கே போயிருக்கிறேன். மேலே உப்புப் பூத்துக் காய்ந்த தரை மாதிரிதான் தெரிந்தது. காலை வைத்தால் உள்ளே கூழ். கணுக்கால் வரை போயிற்று. இழுத்ததும் 'ப்ளக்' என்று கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை.

சதுப்புவாசி:
கணுக்கால்! நான் சொன்ன இடுப்புக்கே இன்னும் வரவில்லை.

குந்தவை கட்சி:
அதே ஆய்வில், காலை வேகமாகப் பிடுங்க ஒரு காரைத் தூக்கும் விசை வேண்டும் என்றும் இருக்கிறதே? அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். இடுப்பளவு மாட்டியவன்மேல் கடல் ஏறினால்?

சதுப்புவாசி:
கடல் ஏறினால் அது கடலின் வேலை. சேறு இடுப்போடு நிற்கும். நிற்கும். நிற்கும்.

பழுவூர்க் கிழவன்:
அது கோடிக்கரையா, கோடியக்கரையா? முதலில் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதுங்கள்.

குந்தவை கட்சி:
நாவலில் கோடிக்கரைதான். வந்துவிட்டார் பிழைதிருத்துநர்! வீராணம் ஏரிக்கு 74 கணவாய் என்பதை மதகு என்று திருத்தச் சொல்லி மூன்று நாள் மல்லுக்கு நின்றவர்தானே நீங்கள்?

பழுவூர்க் கிழவன்:
அந்தச் சண்டையில் யார் பதில் சொல்லாமல் ஓடினார் என்று எல்லாருக்கும் தெரியும்.

குந்தவை கட்சி:
ஓடவில்லை, தூங்கப் போனேன்.

சதுப்புவாசி:
சரி, கணவாயை விடுங்கள். ஆள் இடுப்பையும் தாண்டி உள்ளே போனதாக ஒரே ஒரு சான்று காட்டுங்கள்.

ஓடக்காரி:
என் செருப்பு இடுப்போடு நிற்கவில்லையே?

சதுப்புவாசி:
செருப்புக்கு ஏதம்மா இடுப்பு!