மூணு மாச சுகர் 6.2, ராத்திரி மூணு மணிக்கு 51. மாத்திரையைக் குறைக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேக்கலாமா?

திருவையாறு லைன்மேன் எழுதியது (வைகாசி 9):

எல்லாருக்கும் வணக்கம். வயசு 75. மின்வாரியத்துல ஒயர்மேனா சேர்ந்து 34 வருஷம் கழிச்சு போர்மேனா வெளிய வந்தவன். போன்ல வாயால சொல்லித்தான் எழுதுறேன். தப்பு இருந்தா அந்தப் போனைத் திட்டுங்க.

சர்க்கரை வந்து 19 வருஷம். மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, கிளிமிபிரைடு 2 ரெண்டு வேளை, பிபிக்கு மெட்டோபுரோலால் 50 காலையில ஒண்ணு. ஒரு நாள் விட்டதில்ல. மூணு மாச சுகர், அதான் மூணு மாசச் சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை (HbA1c), இப்ப 6.2. நான் போற ஆஸ்பத்திரியில டாக்டர் அந்தச் சீட்டைத் தூக்கிப் பிடிச்சு, அடுத்து உக்காந்திருந்தவர்ட்ட "ஐயாவைப் பாருங்க, எப்படி வெச்சிருக்கார்"னு காட்டினார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணப்பகூட எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்ல.

அன்னிக்கு ராத்திரியே மூணு மணிக்கு பனியனைப் பிழியலாம்ங்கிற மாதிரி வேர்த்து எந்திரிச்சேன். கை நடுக்கம், படபடப்பு எல்லாம் கிடையாது. வேர்வை, கண்ணு மங்கல், எங்க இருக்கோம்னே தெரியாத ஒரு மயக்கம். இது அஞ்சாறு மாசமா வாரத்துக்கு ரெண்டு தரம் நடக்குது. மாசியில பாத்ரூம் போகையில நிலைப்படியில விழுந்து நெத்தியில நாலு தையல். டாக்டர் "வயசானா தடுமாறத்தான் செய்யும், லைட்டைப் போட்டுக்கிட்டு நடங்க"ன்னார். லைட்டு போடுறதை எனக்கே சொல்றார்!

பெங்களூர்ல இருக்கிற மகன் ஒரு மிஷின் வாங்கி அனுப்பினான். வேர்த்து எந்திரிச்ச ராத்திரியில குத்திப் பார்த்தா 51. இன்னொரு நாள் 58. அதுக்கப்புறம் 63. போய்ச் சொன்னேன். "வீட்டு மிஷின் கொஞ்சம் முன்னபின்ன காட்டும், ரிப்போர்ட் அருமையா இருக்கு, எதையும் மாத்த வேணாம்"னு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க.

எனக்குத் தெரிஞ்ச வித்தை கரண்டு ஒண்ணுதான். குறுவை நேரத்துல வயக்காட்டு மோட்டார் எரிஞ்சுதுன்னு போன் வந்தா, போய்ப் பார்த்தா பெரும்பாலும் லோ வோல்டேஜாத்தான் இருக்கும். வோல்டேஜ் இறங்கினா மோட்டார் கரண்டை அதிகமா இழுக்கும், காயில் சூடேறிப் புகையும். பகல்ல 440, ராத்திரியில 320. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 380, பரவாயில்லன்னுதான் தோணும். எரிஞ்ச மோட்டார்ட்ட போய் அந்தச் சராசரியைச் சொல்ல முடியுமா?

ஆசைன்னு இந்த வயசுல பெரிசா ஒண்ணுமில்ல. விடியக்காலம் புஷ்ய மண்டபத் துறையில ஒரு மணி நேரம் உக்காரணும், வர்ற வழியில டீக்கடையில பேப்பர் பாக்கணும். விழுந்ததுலேருந்து துறைப்பக்கம் தனியாப் போகக் கூடாதுன்னு வீட்ல உத்தரவு. அவ ராத்திரி தூங்குறதில்ல. மூணு மணிக்கு எந்திரிச்சு என் முதுகைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுக்கிறா. தலைமாட்டுல ஒரு டப்பாவில சர்க்கரை, ஸ்பூன், டார்ச். அசோகா அல்வா கிண்டுற ஊருல பொறந்துட்டு நாலு வருஷமா நெய் வாசனையோட சரி. அதைக்கூட விட்டுடலாம். அவ தூக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனசு வரல.

மகன்ட்ட சொன்னா "டாக்டரை எதிர்த்துப் பேசாதீங்கப்பா"ங்கிறான். ராத்திரி மாத்திரையை நானே நிறுத்திடலாமா? இல்ல, டாக்டர்ட்ட கேக்குறதுன்னா எப்படிக் கேக்கணும்?

ஆவாரம்பூ எழுதியது:

ஐயா, சர்க்கரை ஒரு நோயே இல்லை. மாத்திரை கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் ஒரு மண்டலம். அப்புறம் அசோகாவே சாப்பிடலாம்.

கரூர்க்காரன் எழுதியது:

மேல இருக்கிற யோசனையைக் கேட்டவன் நான். மூணு மாசம் எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன். செருப்பு கடிச்ச புண்ணு ஆறல. ஆஸ்பத்திரியில பார்த்தப்ப 430. இடது கால் சுண்டுவிரல் இப்ப இல்ல. ஆவாரம்பூ டீ ருசியாத்தான் இருக்கும், குடிக்கலாம். மாத்திரைக்குப் பதிலா வேண்டாம் பெரியவரே.

ரிட்டையர்டு சிஸ்டர், புதுக்கோட்டை எழுதியது:

ஐயா, அரசு மருத்துவமனையில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லை, அதனால் மருந்தை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்பது தப்பே இல்லை. இன்னும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

70-க்குக் கீழே போனால் லோ சுகர். 54-க்குக் கீழே போனால் ஆபத்தான லோ. உங்கள் 51 வீட்டு மிஷின் கணக்குதான் என்றாலும், வேர்வையும் மயக்கமும் சேர்ந்து வரும்போது மிஷின் மேல் பழி போட முடியாது.

மூன்று விஷயம் கண்ணில் படுகிறது. முதலில் கிளிமிபிரைடு. நீங்கள் நாலு இட்லி சாப்பிட்டாலும் ஒன்றரை சாப்பிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைத்துக்கொண்டே இருக்கும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இப்படி இறக்காது. வயதானவர்களுக்கு எந்த மருந்தில் ஜாக்கிரதை வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, பியர்ஸ் பட்டியல் என்பார்கள். 2023-இல் திருத்தியதில் இந்த வகை மாத்திரையே கூடுமானவரை வேண்டாம், அதிலும் நெடுநேரம் வேலை செய்கிற கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வேண்டாம் என்று இருக்கிறது. ராத்திரி எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?

இரண்டாவது, மெட்டோபுரோலால். லோ சுகர் வந்தால் உடம்பு அடிக்கிற மணி படபடப்பும் நடுக்கமும். இந்த மாத்திரை அந்த மணியை அமுக்கிவிடும். வேர்வையை அமுக்காது. "நடுக்கம் இல்லை, வேர்வைதான்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வார்டு ஞாபகம் வந்துவிட்டது. அதற்காக அதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று விட்டால் இதயத்துக்கு ஆகாது.

மூன்றாவது, கிட்னி. கிரியாட்டினின் எவ்வளவு?

மூன்று மாத சுகர் 7-க்குக் கீழே வந்தே ஆகவேண்டும் என்பது எல்லா வயதுக்கும் பொதுவான சட்டம் இல்லை. அமெரிக்கா, கனடாவில் அக்கார்ட் என்று ஓர் ஆய்வு, 10,251 பேர். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு 6-க்குக் கீழே இறக்கியே தீருவது என்று மருந்தைக் கூட்டினார்கள். அந்தப் பக்கத்தில்தான் சாவு அதிகம். 2008 பிப்ரவரியில் அந்த முறையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு முதியவர்களுக்குக் கணக்கு தளர்ந்துவிட்டது. திடமாக இருப்பவர்களுக்கு 7, 7.5. பல வியாதி சேர்ந்தவர்களுக்கு 8 வரைக்கும்கூடப் பரவாயில்லை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. 

டாக்டரிடம் "குறைங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். பத்து நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: தேதி, ராத்திரி சாப்பாடு, படுக்கும்போது சுகர், மூன்று மணி சுகர், வேர்வை உண்டா இல்லையா. விழுந்த தேதியையும் சேருங்கள். அதைக் கையில் கொடுத்து, "இதில் எது மாத்திரையால் வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பத்து நாளில் 60-க்குக் கீழே இறங்கினால் தாளுக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். லோ வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். நினைவு தப்பிவிட்டால் வீட்டு அம்மா உங்கள் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

திருவையாறு லைன்மேன்:

சிஸ்டர், ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டு இட்லி. மகன் போட்ட அட்டவணை. கிரியாட்டினின் 1.6. சீட்டுல அதுக்குக் கீழே இ.ஜி.எஃப்.ஆர். 44-ன்னு கட்டம் கட்டி இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லல.

ரிட்டையர்டு சிஸ்டர், புதுக்கோட்டை:

கிளிமிபிரைடு உடம்பை விட்டுப் போவதில் கிட்னிக்கும் பங்கு உண்டு. இ.ஜி.எஃப்.ஆர். என்பது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு. 44 என்றால் மருந்து தங்கித் தங்கிப் போகும். ஏழு மணிக்கு இரண்டு இட்லி, அதற்கு 2 மில்லிகிராம் மாத்திரை, விடிய இன்னும் பதினொரு மணி நேரம். சீட்டையும் அந்தத் தாளோடு பின் அடித்துக் கொண்டுபோங்கள். அந்த இடத்தில் கேட்கவே மாட்டேன் என்றால் இன்னொரு டாக்டரைப் பார்ப்பது துரோகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் முதியோருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கிண்டியில் 2024-இல் 200 படுக்கையோடு முதியோருக்காகவே தனி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள்.

கோவைப் பொண்ணு எழுதியது:

ஐயா, உங்க மகன் மேல கோபப்படாதீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்கு மேரி பிஸ்கட்டை எண்ணி வெச்சுட்டு ஆபீஸ் போவேன். கூட இல்லாத குற்ற உணர்ச்சியை அட்டவணை போட்டுத் தீர்த்துக்குறோம், அவ்வளவுதான். அம்மா போனப்புறம் அவங்க அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்ச கமர்கட் பொட்டலம் கிடைச்சுது. எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு இருந்துச்சு. சிஸ்டர் எழுதினதை அப்படியே மகனுக்கு அனுப்புங்க. 51-ங்கிற நம்பரோட சேர்த்து அனுப்புங்க.

திருவையாறு லைன்மேன் (ஆடி 20):

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். கோவை மகள் சொன்னபடி மகனுக்கு அனுப்பினேன். ராத்திரி பஸ் பிடிச்சு வந்துட்டான். அவனும் கூட வந்தான் டாக்டர்ட்ட.

சிஸ்டர், உங்க தாளை வேலை செஞ்ச காலத்து பிரேக்டவுன் ரிஜிஸ்டர் மாதிரி கோடு போட்டு எழுதினேன். பத்து ராத்திரியில மூணு ராத்திரி 70-க்குக் கீழ. டாக்டர் பேனாவை வெச்சுட்டு மேலேருந்து கீழ ரெண்டு தரம் படிச்சார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"ன்னார். மகன் வாயைத் திறக்கப் போனான், நான் தொடையில தட்டினேன். மருந்தை மாத்தி எழுதப் போற மனுஷன்ட்ட அந்த நேரத்துல வழக்கு வேணாம். ஆனா இங்க சொல்றேன்: சொன்னேன், ரெண்டு தரம் சொன்னேன்.

ராத்திரி கிளிமிபிரைடை எடுத்துட்டார். காலையில 1. ராத்திரிக்கு இட்லி மூணு. மூணு மாச சுகர் புரட்டாசியில பாக்கணும், 7.5 வரைக்கும் ஏறினாலும் கவலைப்படாதீங்கன்னு அவரே சொன்னார். இனிமே என் சீட்டை யாருக்கும் தூக்கிக் காட்ட மாட்டார். போகட்டும்.

மூணு மணி கணக்கு இப்ப 118, 126, ஒரு நாள் 134. மேட்டூர் தண்ணி வந்து துறை ரொம்பிப் போகுது. பதினெட்டாம் பெருக்குக் கூட்டம் முடிஞ்சு மறுநாள் காலையில தனியாப் போய் உக்காந்தேன். சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். வர்ற வழியில நூறு கிராம் அசோகா வாங்கி அவளும் நானும் பாதிப் பாதி. ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்தினா 214. இதை டாக்டர்ட்ட சொல்லல, சிஸ்டர்ட்ட மட்டும் சொல்றேன். திட்டுறதா இருந்தா மெதுவாத் திட்டுங்க.

நேத்து தலைமாட்டு டப்பாவைத் திறந்தா சர்க்கரையில ஒரே எறும்பு. ஒரு மாசத்துக்கு மேல யாரும் தொடல. அவ திட்டிக்கிட்டே கழுவி, காயவெச்சு, புதுச் சர்க்கரை போட்டு மறுபடி அங்கேயே வெச்சிருக்கா. டார்ச்சுக்கு மட்டும் பேட்டரி மாத்தணும்.