கலைச்சொல் வேண்டும்: ‘ரான்சம்வேர் ரெடினஸ் அசெஸ்மென்ட்’ (வெள்ளிக்குள்)

மண்டபம், பயிற்சி ஒருங்கிணைப்பாளர்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. அதற்கப்புறம் படகு வைத்திருக்கும் சம்மாட்டிகளையும் ஐஸ் கம்பெனிக்காரர்களையும் ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. அதற்குள் ஒரு வகுப்பு வைத்து ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுக்கப் போகிறோம். ரான்சம்வேர், அதாவது கம்ப்யூட்டர் கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல் (புரோகிராம்), தாக்கினால் தன் கடை எந்த அளவுக்கு முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021-இல் இப்படி ஒரு சோதனையை வெளியிட்டது. அதை அப்படியே பெயர்த்தால் நம் கடைகளுக்கு ஒட்டாது என்பதால் கேள்விகளை நாங்களே எழுதினோம்.

முதல் கேள்வி: “டேலி கணக்கை நகல் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிறதா?” செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். இரண்டாவது: “அந்த நகலிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்ததுண்டா?” தாளுக்குத் தலைப்புதான் இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நல்ல முயற்சி. ‘பிணைநிரல்’ என்று வையுங்கள். பிணைக்கைதி என்ற சொல் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். கோப்புகளைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு பணம் கேட்பதுதானே இது? வினைத்தொகையாகவும் விரியும்: பிணைத்த, பிணைக்கின்ற, பிணைக்கும் நிரல். சிலர் ‘பணய’ என்று தொடங்கி எழுதுகிறார்கள். பணயம் வடசொல், வேண்டாம். பிணையோ நம் சொல். தொல்காப்பிய மரபியல் பெண்பாற் பெயர்களை அடுக்கும் இடத்தில் ‘பிணை’ உண்டு, பெண்மானுக்குரிய பெயர். கலைமானை விட்டுப் பிரியாமல் பிணைந்தே திரிவதால் அந்தப் பெயர் வந்தது என்பது என் துணிபு. பிணையல், பிணக்கு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவையே. இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கீழக்கரை, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்:

ஐயா, மான் இருக்கட்டும். என் கடைக்கு வருகிறவர்களுக்குப் பிணை என்றால் ஜாமீன். பணயத்தை வடசொல் என்று தள்ளினால் பணத்தையும் தள்ள வேண்டியிருக்குமே? கருவாட்டு வியாபாரி ஒருவர் போன மழைக்காலத்தில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்து ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. பிட்காயினில் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று மட்டும் பளிச்சென்று திறந்தது. அவர் சொன்னது, “எல்லாம் பூட்டிக்கிச்சு.” ஆகவே ‘பூட்டுநிரல்’. இதுவும் வினைத்தொகைதான்.

பாம்பன், கூட்டுறவுச் சங்கக் கணக்கர்:

பூட்டு என்றால் நம் ஆட்களுக்குப் பாதுகாப்பு. “எங்க கடைக்கும் ஒரு பூட்டுநிரல் போட்டுக் குடுங்கம்மா” என்று கேட்டுவிடுவார்கள், காக்கா (அண்ணா). இன்னொன்று, இப்போதெல்லாம் பூட்டுவதோடு நிற்பதில்லை. முதலில் தரவை நகலெடுத்துக்கொண்டு, காசு தராவிட்டால் வெளியே விடுவோம் என்கிறார்கள். ராமேஸ்வரத்து லாட்ஜ்களில் யாத்திரிகர்களின் ஆதார் நகல் எத்தனை கிடக்கிறது, யோசித்துப் பாருங்கள். பூட்டாமலே மிரட்டலாம். அதைப் பூட்டுநிரல் எப்படிச் சொல்லும்?

நான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள். இலங்கைத் தமிழில் ஆளைக் கடத்திவைத்துக் கேட்கும் பணத்துக்குக் கப்பம் என்றுதான் பெயர். ‘கப்பநிரல்’ என்று வைத்தால் இந்தக் கரைக்கும் புரியும், அந்தக் கரைக்கும் புரியும்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, கப்பம் சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டுவது. சங்கப் பாட்டில் அதற்குத் திறை என்று பெயர். எங்கள் ஊர் ராமலிங்க விலாசத்தில் 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரவழைத்து நிலுவை கேட்டான். அது கிஸ்தியா கப்பமா என்பதே தனி வழக்கு. எப்படியானாலும் அரசுரிமை கொண்டாடுகிறவன் கேட்பது அது. முகம் காட்டாத கள்ளனுக்கு அந்தத் தகுதியை நாமே கொடுப்பதா?

தொண்டி, கல்லூரி மாணவி:

ஐயா, கள்ளனே அந்தத் தகுதியை எடுத்துக்கொள்கிறான். இந்த வகையில் முதலாவதாகச் சொல்லப்படுவது 1989-இல் பிளாப்பி டிஸ்க்கில் வந்தது. எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று தபாலில் அனுப்பி, பிற்பாடு கம்ப்யூட்டரை முடக்கி, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் குத்தகைக் கட்டணம். கப்பம் கேட்டவனும் தன் உரிமை என்றுதானே கேட்டான்? கட்டியவனுக்கு அது கொள்ளை. கப்பநிரலுக்கே என் ஓட்டு.

மண்டபம், பயிற்சி ஒருங்கிணைப்பாளர்:

சரி, பாதித் தலைப்பு வந்தது. மீதி? ‘கப்பநிரல் தயார்நிலை மதிப்பீடு’ என்று எழுதிப் பார்த்தேன். கப்பநிரலைத் தயார் செய்வதுபோல் இருக்கிறது. மதிப்பீடு என்றதும் வரி அலுவலக ஞாபகம் வந்து பாதிப் பேர் வகுப்புக்கே வர மாட்டார்கள்.

பாம்பன், கூட்டுறவுச் சங்கக் கணக்கர்:

எங்கள் துறைமுகத்தில் புயலுக்குக் கூண்டு ஏற்றுவதுபோல், மதிப்பெண்ணுக்குப் பதில் ‘கூண்டு எண்’ போடலாமே? மூன்றாம் நம்பர் என்றால் எல்லோருக்கும் புரியும்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கூண்டு சொல்வது துறைமுகத்துக்குப் புயலால் எவ்வளவு ஆபத்து என்பதை. படகை இழுத்துக் கட்டினோமா என்பதைச் சொல்லாது. இந்தத் தாள் கேட்பது இரண்டாவதை. ‘முன்னேற்பாடு’ என்ற சொல் இருக்கும்போது தயார்நிலை எதற்கு? தயார் உருது வழி வந்தது, ஆயத்தம் வடமொழி.

கீழக்கரை, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்:

தயார் எங்கள் வீட்டில் தமிழ்தான், ஐயா. ஆனாலும் முன்னேற்பாடு நன்றாக இருக்கிறது. கூடவே ‘சோதனை’ போடுங்கள்.

மண்டபம், பயிற்சி ஒருங்கிணைப்பாளர்:

நேரமில்லை, முடிக்கிறேன். ‘கப்பநிரல்: நம் கடையின் முன்னேற்பாட்டுச் சோதனை’. கப்பநிரல் பக்கத்தில் முதல் தடவை மட்டும் ‘ரான்சம்வேர்’ என்று தமிழெழுத்தில் வரும். தாளின் அடியில் மூன்று வரி: உடனே நெட் கேபிளைப் பிடுங்கி வைபையை அணை; சைபர் குற்ற உதவிக்கு 1930; தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல். கடைசியாகச் சொன்னது 2022-இல் வந்த உத்தரவு. இந்த மூன்றும் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சடியுங்கள் தம்பி, வகுப்பு நடப்பதுதான் முக்கியம். கப்பநிரலில் எனக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் குழுவின் பதிவில் குறித்து வையுங்கள். அகராதிக்கு எடுக்கும்போது பிணைநிரலோடு மறுபடி வருவேன். அப்புறம், இரண்டாம் கேள்வியில் ‘நகல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அரபு. ‘படி’ என்று இருக்கிறதே?